கரகம்: ஒரு பாண்டத்தின் பெயர்

ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் வடசென்னையின் கொருக்குப்பேட்டைத் தெருக்களில் பம்பைச் சத்தம் கேட்டால் ஆட்டோக்காரர்கூட வண்டியை ஓரங்கட்டிவிடுவார். “கரகம் வருது, வழி வுடு” என்பார்கள். தலையில் ஏறிவருவது நீர் நிரப்பி, வேப்பிலை செருகி, கூம்பாகப் பூச்சுற்றிய சொம்புதான். அதே சொம்பு வீட்டு அடுப்படியில் இருந்தால் யாரும் அதைக் கரகம் என்பதில்லை.

இந்தச் சொல்லின் பழைய முகவரி வேறு. தொல்காப்பிய மரபியல், நூல், முக்கோல், மணை ஆகியவற்றோடு கரகத்தையும் அந்தணர்க்கு உரியதாகச் சொல்கிறது. கலித்தொகையின் பாலைப் பாட்டொன்றில் வெயிலில் நடந்துவரும் அந்தணர், குடையும் முக்கோலும் தாங்கி, உறியில் கரகத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கே அது வழிப்போக்கர் வைத்திருக்கும் நீர்க்கலம், அவ்வளவே. வடமொழியிலும் ‘கரக’ நீர்க்கலந்தான். ஆலங்கட்டி மழைக்கும் அங்கே அந்தப் பெயர் உண்டு. இதற்கு ஒரு தமிழ் வேர் தேடி இழுத்துக்கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. வடக்கிலிருந்து வந்து தமிழில் வெகுகாலமாகக் குடியிருக்கும் சொல் என்று கொள்வதே நேர்.

அதைவிடச் சுவையானது பின்னால் நடந்த இடமாற்றம். துறவியின் கையிலிருந்த பாண்டம் கமண்டலம் ஆயிற்று. ஆகமக் கோயிலில் மாவிலையும் தேங்காயும் வைத்த பாண்டம் கலசம், கும்பம் ஆயிற்று. அந்தணர்க்கு உரியதென்று இலக்கணம் சொன்ன கரகமோ வேப்பிலையோடு மாரியம்மன் தெருவுக்கு வந்துவிட்டது. மூன்றிலும் இருப்பது நீர்தான். யார் எடுக்கிறார்கள், எந்தத் தெய்வத்துக்கு எடுக்கிறார்கள் என்பதை வைத்துப் பெயர் பிரிந்துகொண்டது என்பது என் கணிப்பு.

கரகம் ஏன் தலையில் ஏறுகிறது? வடதமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் ரேணுகா கதையைக் கேட்டால் ஓரளவு விளங்கும். ஜமதக்னியின் மனைவி ரேணுகா நாள்தோறும் ஆற்றங்கரை ஈரமணலிலேயே குடம் பிடித்து அதில் நீர் கொண்டுவருவாள். அவளுடைய கற்பே அதற்குச் சூளை. ஒருநாள் நீரில் கந்தர்வனின் நிழலைக் கண்டு மனம் சற்றே அசைய, மணல் குடமாகத் திரளவில்லை. கணவன் சினந்தான். தந்தை சொல் தட்டாத பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். வெட்டுண்ட தலைதான் பல ஊர்களில் அம்மன். படவேட்டு ரேணுகாம்பாளும் சிரசாகவே வழிபடப்படுகிறாள். திரளாத குடம், துண்டாகும் தலை, தலைமேல் ஏறும் குடம் – மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கரகமே அம்மனின் தலை என்று தோன்றுகிறது. சுடாத மண் பெங்களூரிலும் வருகிறது. சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டி, தர்மராயர் கோயிலில் திகளர் எடுக்கும் கரகத்தில் ‘ஹசி கரக’ என்று ஒன்று உண்டு. பச்சைமண் கரகம் என்று பொருள். சுமக்கும் ஆண் புடவை கட்டி, வளையல் போட்டுக்கொள்வார். அங்கே கரகத்துக்குரியவள் திரௌபதி. ஊர்வலம் வழியில் மஸ்தான் தர்காவுக்கும் போய்வரும்.

பாண்டத்தின் பெயர் தெய்வத்தோடு சேர்ந்த கதை இது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலோ பாண்டங்களின் பெயர் இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தது. ஆண்டிஸ் மலைநாட்டின் கெச்சுவா மொழியில் புனிதமான இடத்துக்கும் பொருளுக்கும் ‘வாக்கா’ என்று பெயர். மலை, ஊற்று, பாறை, முன்னோர் உடல் எல்லாமே வாக்காதான். வடகரையில் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்த மோச்சே மக்கள், மனித முகத்தையே மண்கலமாக வனைந்து, வளைந்த குழாய்க் கழுத்து வைத்து, இறந்தவரோடு புதைத்தார்கள். ஸ்பானியர் காலத்துக்குப் பின் அக்கல்லறைகளைத் தோண்டிக் கிடைத்த கலங்களுக்கு ‘வாக்கோ’ என்றும், திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவனுக்கு ‘வாக்கெரோ’ என்றும் பெயர் வந்தது. அங்கே தெய்வத்தின் பெயர் பானைக்கு இறங்கிற்று. இங்கே பானையின் பெயர் தெய்வத்துக்கு ஏறியிருக்கிறது.

ஏறிய பெயருக்கும் ஒரு போட்டி உண்டு. ஆட்டக் கரகம் என்பது தனி: பித்தளைச் செம்பில் கனத்துக்கு அரிசி போட்டு, உச்சியில் கிளி வைத்து, நையாண்டி மேளத்துக்கு ஆடுவது. 1989-இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தபிறகு கரகம் என்றதும் பலருக்கு இந்த ஆட்டந்தான் நினைவுக்கு வருகிறது. சக்திக் கரகம், ஆட்டக் கரகம் என்று அடைமொழி போட்டுப் பிரிப்பது ஆராய்ச்சியாளர் வேலை. கொருக்குப்பேட்டையில் வினைச்சொல்லே பிரித்துவிடும்: கரகம் ஆடுகிறவர் கலைஞர், கரகம் எடுக்கிறவர் காப்புக் கட்டி விரதம் இருப்பவர்.