ரூபி பிரிட்ஜஸ் படப்புத்தகங்கள்

1960 நவம்பர் 14 அன்று, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த வில்லியம் ஃபிரான்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் நுழைந்தாள். அந்த நாளையும் அதற்குப் பிந்தைய ஓராண்டையும் சிறுவர்களுக்குச் சொல்லும் நூல்கள் இக்கட்டுரையின் பொருள். 1995இல் மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் எழுதிய நூலே இந்த வரிசையில் முதலில் பரவலாக அறியப்பட்டது. பின்னர் பிரிட்ஜஸே எழுத்தாளரானார். ஒரே குழந்தையின் ஒரே ஆண்டு வெவ்வேறு பார்வைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருப்பதால், குழந்தைகளிடம் துணிச்சலைப் பற்றி எப்படிப் பேசுவது என்று யோசிப்பவர்களுக்கு இந்நூல்கள் நல்ல பாடம்.

தமிழில் ‘படக்கதை’ என்றதும் கட்டங்களுக்குள் வசனம் ஓடும் காமிக்ஸ்தான் நினைவுக்கு வரும். படப்புத்தகம் வேறு வகை. பெரும்பாலும் 32 பக்கம், பக்கத்தை நிறைக்கும் ஓவியம், அதன் ஓரத்தில் சில வரிகள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதற்கென்றே உருவான வடிவம் அது.

நிகழ்வு

பள்ளிகளில் நிறப் பாகுபாடு அரசியலமைப்புக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 8இல் மிசிசிப்பி மாநிலத்தின் டைலர்டவுனில் ரூபி பிறந்தாள். அவள் பள்ளி செல்லும் வயதை எட்டியும் நியூ ஆர்லியன்ஸில் அந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. கூட்டாட்சி நீதிபதி ஜே. ஸ்கெல்லி ரைட் உத்தரவிட்ட பிறகுதான் கல்வி வாரியம் அசைந்தது. அப்போதும் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு தேர்வு வைத்தது. தேறியவர்கள் ஆறே பேர். அவர்களில் இருவர் பழைய பள்ளியிலேயே தங்கிவிட்டார்கள். லியோனா டேட், கெயில் எட்டியென், டெஸ்ஸி பிரவோஸ்ட் ஆகிய மூவரும் மெக்டோனா 19 என்ற பள்ளிக்கு ஒன்றாகப் போனார்கள். வில்லியம் ஃபிரான்ஸ் பள்ளிக்குப் போக ரூபி மட்டுமே மிஞ்சினாள்.

மகளை அனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்தவர் தாய் லூசில். கொரியப் போரில் பணியாற்றித் திரும்பிய தந்தை ஏபனுக்கு அதில் விருப்பமில்லை. ராணுவத்தில்கூடத் தன்னைச் சமமாக நடத்தாதவர்கள் பள்ளியில் மட்டும் மாறிவிடுவார்களா என்பது அவர் கேள்வி. விலையையும் அவரே முதலில் கொடுத்தார். வேலை பார்த்துவந்த பெட்ரோல் நிலையத்திலிருந்து நீக்கப்பட்டார். மிசிசிப்பியில் விளைச்சலில் பங்குக்கு உழுதுகொண்டிருந்த ரூபியின் தாத்தாவும் பாட்டியும் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

நீதிமன்றக் காவல் அதிகாரிகள் நால்வர் நடுவில் ரூபி வந்து இறங்கியபோது பள்ளி வாசலில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் மார்டி கிரா திருவிழா என்று அவள் நினைத்துக்கொண்டாள். முதல் நாள் முழுவதும் அம்மாவோடு தலைமை ஆசிரியரின் அறையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளைக்காரப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கையோடு அழைத்துக்கொண்டு வெளியேறியபடி இருந்தார்கள். மறுநாள் முதல் பாஸ்டனிலிருந்து வந்திருந்த ஆசிரியை பார்பரா ஹென்றி, காலியான வகுப்பறையில் அந்த ஒரு மாணவிக்கு ஆண்டு முழுவதும் பாடம் நடத்தினார்.

கோல்ஸும் வண்ணக்குச்சிகளும்

ராபர்ட் கோல்ஸ் அப்போது மிசிசிப்பியின் பிலாக்ஸியில் விமானப்படை மனநல மருத்துவராக இருந்தார். நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த இடத்தில் அந்தக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தார். இவ்வளவு வெறுப்பை நாள்தோறும் கடந்துபோகும் குழந்தைக்கு உள்ளே என்ன ஆகும் என்ற கேள்வியோடு ரூபியின் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் அவள் சொல்வாள். அதனால் வண்ணக்குச்சிகளையும் தாளையும் கொடுத்து வரையச் சொன்னார்.

அவள் வரைந்த வெள்ளையர்கள் பெரிதாக, கண் காது விரல் எல்லாம் கச்சிதமாக இருந்தார்கள். கறுப்பினத்தவர் சின்னதாக, ஏதாவது ஓர் உறுப்புக் குறைந்து இருந்தார்கள். மண்ணையும் தரையையும் தீட்டுவதைத் தவிர வேறெதற்கும் பழுப்பையும் கறுப்பையும் பல மாதங்கள் அவள் எடுக்கவில்லை. 1967இல் வெளிவந்த ‘நெருக்கடியின் குழந்தைகள்’ என்ற நூலில் கோல்ஸ் இதை விரிவாக எழுதினார். அந்த வரிசையின் அடுத்த இரு தொகுதிகளுக்கு 1973இல் புலிட்சர் விருது கிடைத்தது.

‘ரூபி பிரிட்ஜஸின் கதை’ (1995)

ஸ்காலஸ்டிக் பதிப்பகம் வெளியிட்ட இந்நூலுக்கு ஓவியம் தீட்டியவர் ஜார்ஜ் ஃபோர்ட். கறுப்பினச் சிறுவர் இலக்கியத்துக்கான கொரெட்டா ஸ்காட் கிங் விருது 1974இல் முதன்முதலாக ஓவியருக்கும் வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர். குழந்தை வரைந்த படங்களிலிருந்து பிறந்த ஆய்வு, ஓவியர் ஒருவரின் நீர்வண்ணப் பக்கங்களாகக் குழந்தைகளிடமே திரும்பிவந்தது.

நூலின் உச்சம் சின்னஞ்சிறு சம்பவம் ஒன்று. ஒரு நாள் காலை, கூட்டத்தின் நடுவே ரூபி திடீரென்று நின்றுவிடுகிறாள். காவல் அதிகாரிகள் நகரச் சொல்லியும் நகரவில்லை. உதடுகள் அசைகின்றன. ஜன்னல் வழியே பார்த்த ஆசிரியை, அந்த மனிதர்களிடம் என்ன பேசினாய் என்று உள்ளே வந்ததும் கேட்கிறார். பேசவில்லை, அவர்களுக்காகப் பிரார்த்தித்தேன் என்கிறாள் குழந்தை. வழக்கமாகப் பள்ளிக்குச் சில தெருக்கள் முன்பாகவே பிரார்த்தனையை முடித்துவிடுவாளாம். அன்று மறந்துபோய், கூட்டத்துக்குள் வந்த பிறகுதான் நினைவு வந்ததாம். அந்தப் பிரார்த்தனையோடு கதை நின்றுவிடுகிறது. பிறகு நடந்தவை பின்னுரையில் சுருக்கமாக வருகின்றன.

மறதியால் நேர்ந்த இந்த நிறுத்தம்தான் நூலின் பெரிய பலம். வீராங்கனையாக நிற்க வேண்டும் என்று அவள் நிற்கவில்லை. வீட்டுப்பாடத்தை மறந்த பிள்ளை நடுவழியில் பதறி நிற்பதுபோல நிற்கிறாள். வாசிக்கும் குழந்தை தன்னை அவளோடு சேர்த்துப் பார்க்க இந்த ஒரு பக்கம் போதும்.

குறையும் அங்கேயே இருக்கிறது. மன்னிப்பில் முடிவதால், மன்னிப்பதே பாதிக்கப்பட்டவரின் கடமை என்று குழந்தை எடுத்துக்கொள்ள வழி உண்டு. யாருடைய முயற்சியால் ரூபி அந்த வாசலுக்கு வந்தாள் என்பதும் மங்கிவிடுகிறது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் பல ஆண்டுகள் நடத்திய வழக்குகள், அம்மாவின் பிடிவாதம், ரூபியின் காருக்குப் பின்னால் தினமும் நடந்துவந்து காவல் நின்ற அக்கம்பக்கத்தார் எல்லாம் சேர்ந்துதான் அந்த நடை. இதே சிக்கல் கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் பற்றிய சிறுவர் நூல்களிலும் நெடுங்காலம் இருந்தது. 1943இலேயே மாண்ட்கோமரி நகரில் அச்சங்கக் கிளையின் செயலாளரான அவரை, கால் வலித்ததால் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்த தையற்காரப் பெண்ணாக மட்டும் அவை காட்டின. கல்வியாளர் ஹெர்பர்ட் கோல் 1990களில் இதைக் கடுமையாக எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரி என்றே இக்கட்டுரை கருதுகிறது: போராட்டத்தைத் தனி ஒருவரின் நல்ல குணமாகச் சுருக்கினால், அதை எப்படிச் செய்வது என்று குழந்தைக்குத் தெரியாமலே போய்விடும்.

பிரிட்ஜஸ் எழுதியவை

1999இல் வந்த ‘என் கண்களின் வழியே’ சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானது. ஓவியம் கிடையாது; அந்தக் காலப் புகைப்படங்களும் பிரிட்ஜஸின் நினைவுகளும் அருகருகே வருகின்றன. கோல்ஸ் நூலில் இல்லாத பலவற்றை இது திறந்து காட்டுகிறது.

அவற்றுள் ஒன்று மதிய உணவு. கூட்டத்தில் ஒரு பெண் தினமும் விஷம் வைத்துவிடுவதாக மிரட்டியதால், வீட்டிலிருந்து கொண்டுவந்ததை மட்டுமே ரூபி சாப்பிட வேண்டியிருந்தது. மற்ற பிள்ளைகளோடு உணவுக்கூடத்தில் உட்கார அவளுக்கு ஆசை. அதனால் ரொட்டியை வகுப்பறை அலமாரிக்குள் ஒளித்துவைத்தாள். பாலைப் பசை ஜாடிக்குள் ஊற்றினாள். எலியும் கரப்பானும் வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. இன்னொரு பெண் சிறிய சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையைக் கிடத்தித் தூக்கிப் பிடித்தார். கத்தல்களைவிட அதுதான் ரூபியின் தூக்கத்தைக் கெடுத்தது. கூட்டம் கத்திய பிரிவினை முழக்கத்தையோ, பொருள் தெரியாமல் வீட்டில் கயிறு தாண்டும் பாட்டாக அவள் பாடினாள்.

திரும்பி வந்த சில வெள்ளைக் குழந்தைகளைப் பள்ளி தனியாக வைத்திருந்தது. ஹென்றி அதை எதிர்த்துப் பேசிய பிறகே ரூபி அவர்களைச் சந்தித்தாள். அவர்களில் ஒரு பையன், உன்னோடு விளையாடக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறார் என்று காரணத்தோடு சொல்லிவிட்டான். இத்தனை ஆர்ப்பாட்டமும் தன் தோலின் நிறத்துக்காக என்று அவளுக்கு அந்தக் கணத்தில்தான் புரிந்தது. அவன் மீது கோபம் வரவில்லை என்கிறார் பிரிட்ஜஸ்: தன் அம்மா ஒன்றைச் செய்யாதே என்றால் தானும் செய்திருக்க மாட்டாளாம்.

2009இல் தொடக்க வாசகர்களுக்காகச் சிறு வாக்கியங்களில் ‘ரூபி பிரிட்ஜஸ் பள்ளிக்குப் போகிறாள்’ வந்தது. 2022இல் வந்த ‘நான் ரூபி பிரிட்ஜஸ்’ முழுமையான படப்புத்தகம். நிக்கோலஸ் ஸ்மித்தின் ஓவியங்களோடு, ஆறு வயதுக் குரலிலேயே பேசுகிறது. தன் பெயருக்கு மாணிக்கம் என்றும் பாலங்கள் என்றும் பொருள் இருப்பதை எண்ணிப் பூரிக்கும் பிள்ளையாக ரூபி வருகிறாள். கூட்டத்தை அவள் தவறாகப் புரிந்துகொள்வது இங்கே சிரிப்பை வரவழைக்கும். கூடவே படித்துக் காட்டும் பெரியவருக்குத் தொண்டை அடைக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் கொடுக்க இந்த நூலே ஏற்றது. சவப்பெட்டிப் பொம்மைக்கு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் பொறுக்கலாம். 2024இல் குழந்தைகள் தமக்கு எழுதிய கடிதங்களை வைத்துப் பிரிட்ஜஸ் மற்றொரு படப்புத்தகமும் வெளியிட்டார்.

ராக்வெல் ஓவியம்

பெரும்பாலானோர் மனத்தில் பதிந்திருக்கும் ரூபியின் உருவம் இந்த நூல்களுக்கு மூத்தது. நார்மன் ராக்வெல் வரைந்த ‘நம் எல்லோரோடும் வாழும் பிரச்சினை’ என்ற ஓவியம் 1964 ஜனவரியில் ‘லுக்’ பத்திரிகையில் வெளிவந்தது. வெள்ளை உடுப்பு, கையில் அடிக்கோலும் புத்தகமும். முன்னும் பின்னும் நடக்கும் காவலர்களின் உடல்கள் தோள்பட்டைக்கு மேல் வெட்டுப்பட்டிருக்கின்றன. பார்வை குழந்தையின் உயரத்தில் வைக்கப்பட்டிருப்பதால் பெரியவர்களுக்கு முகமே இல்லை. பின்சுவரில் வீசியெறியப்பட்ட தக்காளியின் சிதறலும், கிறுக்கப்பட்ட ஒரு வசைச்சொல்லும். கூட்டம் ஓவியத்தில் இல்லை. பார்க்கிற நாம் நிற்கும் இடம்தான் கூட்டம் நின்ற இடம்.

சுவரில் கிறுக்கப்பட்ட அந்த வசைச்சொல்தான் படப்புத்தகங்களுக்குப் பெரிய சவால். அந்த நாட்களில் கூட்டத்தை நேரில் பார்த்த எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், 1962இல் வெளியான தம் பயண நூலில், கூட்டத்திலிருந்த பெண்கள் கத்தியவற்றை எந்தச் செய்தித்தாளும் அச்சிடவில்லை என்று வேதனையோடு எழுதினார். கேட்க முடியாததைத் திறந்த வாயாலும் சுருங்கிய முகத்தாலும் உணர்த்துவதுதான் படப்புத்தக ஓவியர் செய்யக்கூடியது.

எதிர்ப்புகள்

2021இல் டென்னஸி மாநிலத்தின் வில்லியம்சன் கவுண்டியில் பெற்றோர் அமைப்பு ஒன்று, 2009ஆம் ஆண்டு நூலைப் பாடத்தில் பயன்படுத்துவதை எதிர்த்தது. கோபமுற்ற வெள்ளையர் கூட்டத்தைக் காட்டிவிட்டு, முடிவில் மீட்சி எதையும் காட்டவில்லை என்பது குறைகளில் ஒன்று. மாநிலக் கல்வித்துறை புகாரை விசாரணைக்கு எடுக்கவில்லை. 2023இல் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளியில், ரூபியைப் பற்றி 1998இல் டிஸ்னி எடுத்த திரைப்படம் ஒரு பெற்றோரின் ஆட்சேபத்தால் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தைத் தாண்டி நடந்தவளுக்கு வயது ஆறு. அதே வயதுப் பிள்ளை அதைப் புத்தகத்தில் பார்க்கத் தாங்காது என்ற வாதம் நிற்காது.

பள்ளியும் நடையும்

2005இல் கத்ரீனா புயலில் சேதமடைந்த வில்லியம் ஃபிரான்ஸ் பள்ளிக் கட்டடம் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. 2014இல் அதன் முற்றத்தில் சிறுமி ரூபியின் சிலை வைக்கப்பட்டது. 2018இல் கலிஃபோர்னியாவின் தென் சான்பிரான்சிஸ்கோவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ரூபியின் கதையை அறிந்து, நவம்பர் 14ஐ நடந்து பள்ளிக்கு வரும் நாளாக அறிவிக்க வேண்டும் என்று தங்கள் கல்வி வாரியத்திடம் கேட்டார்கள். வாரியம் ஒப்புக்கொண்டது. அந்த நாளில் இப்போது அமெரிக்காவின் பல ஊர்களில் குழந்தைகள் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒன்றாக நடந்து போகிறார்கள்.