போனவர் எழுதவில்லை, எழுதியவர் போகவில்லை

சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த நாளில் ஆசிரியர் அறையில் மிட்டாய்ப் பெட்டி ஒன்று சுற்றிவந்தது. உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஐரோப்பியச் சுற்றுலா சென்று திரும்பியிருந்தார். பன்னிரண்டு நாளில் லண்டன், பாரிசு, ரோம் எனத் தலைநகரங்கள் மூன்று. சுற்றுலா நிறுவனத்தார் சமையற்காரரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தனராம். "பாரிசு எப்படி இருந்தது, ஐயா?" என்று ஆவலோடு கேட்டேன். "ஒரு குறையும் இல்லை மேடம், மூன்று வேளையும் சாம்பார் கிடைத்தது" என்றார்.

நகைத்துவிட்டு வகுப்புக்குச் சென்றேன். ஆயினும் அந்த விடை மனத்தைவிட்டு அகலவில்லை. நம் மண்ணிலிருந்து ஐரோப்பியத் தலைநகரங்களுக்குச் சென்றவர்கள் அங்கே என்ன கண்டார்கள், என்ன உண்டார்கள், அதை யார் எழுதிவைத்தார்கள் என்னும் கேள்வி எழுந்தது. வட்டத்தின் பத்தாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, பழந்தமிழ்க் கடற்செலவு குறித்து எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நான் முந்நூறாண்டுக்கு முற்பட்ட ஒரு புதுவைக்காரரைப் பற்றி எழுத விழைகிறேன். அவர் பெயர் குருவப்ப பிள்ளை.

குருவப்பரின் தந்தையார் நைனியப்ப பிள்ளை, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகராகப் புதுவையில் செல்வாக்கோடு வாழ்ந்தவர். ஆனந்தரங்க பிள்ளையின் தந்தை திருவேங்கடம் பிள்ளை சென்னைப் பக்கத்திலிருந்து புதுவைக்குக் குடிபெயர்ந்ததே இவர் அழைப்பினால்தான். இருவரும் மைத்துனர் உறவினர். கிறித்தவர் அல்லாத ஒருவர் இப்பதவியில் இருப்பது சேசு சபைப் பாதிரிமார்க்கு உவப்பாயில்லை. ஆளுநர் எபேரும் அவர்கள் பக்கம் சாய்ந்தார். 1716ஆம் ஆண்டில் நைனியப்பர் சிறைப்பட்டார். குடிகளைக் கலகத்திற்குத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. கடைத்தெருவில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தொகைத் தண்டம், அதன்பின் நாடுகடத்தல் என்பது தீர்ப்பு. மூன்றாண்டு முடியும்வரை அவர் உயிரோடிருக்கவில்லை. 1717இல் சிறையிலேயே மாண்டார்.

தந்தைக்கு நேர்ந்த பழியைத் துடைக்க மகன் கடல் கடந்தார். சென்னைக்குத் தப்பிச் சென்று, அங்கிருந்து இங்கிலாந்தை அடைந்து, பின் பிரான்சுக்குப் போனார் என்பர். பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பலில் ஏற வழியின்றி, பகைக் கம்பெனியின் துறைமுகத்தை நாடிய செயலே ஒரு காவியத்திற்குப் பொருளாகும். அந்நாளில் சூயசுக் கால்வாய் இல்லை; அது 1869இல்தான் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதம் மரக்கலத்தில் கிடக்க வேண்டும். புழுத்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் நாறும் தண்ணீருமே கப்பலில் கிடைத்த உணவு. ஊரில் பார்த்துப் பார்த்து உண்ட செல்வக் குடியினர் அதை எப்படி விழுங்கினாரோ!

1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் பாரிசில் இருந்தார். அக்காலப் பாரிசு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். பதினான்காம் லூயி 1715இல் மறைந்துவிட, சிறுவனான பதினைந்தாம் லூயியின் பெயரால் ஒர்லேயான் கோமகன் பிலிப் ஆட்சிக்காவலராய் அரசோச்சிய காலம். அரசவை வெர்சாயை விட்டுப் பாரிசுக்கே வந்திருந்தது. 1686இல் தோன்றிய புரோக்கோப் காப்பிக்கடை உட்படப் பல கடைகளில் கற்றவர்கள் கூடி வாதிட்டனர். காகிதப் பணத்தைப் புழக்கத்தில் விட்ட ஜான் லா என்பவரின் திட்டம் 1720இல் குலைந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் ஏழைகளாயினர். புதுவையை ஆண்ட கம்பெனியும் அந்த லாவின் கைக்குள்தான் இருந்தது. இத்துணைக் கொந்தளிப்பின் நடுவே ஒரு தமிழர் கையில் மனுவோடு நின்றார்.

மனு வென்றது. எபேர் பதவியை இழந்தார். நைனியப்பர்மேல் சாட்டிய பழி நீங்கியது. குருவப்பர் பாரிசில் கிறித்தவரானார். ஆட்சிக்காவலரின் பெயரையும் சேர்த்துச் சார்ல் பிலிப் லூயி குருவப்ப பிள்ளை எனத் திருமுழுக்குப் பெயர் பூண்டார். புனித மிக்கேல் ஆணையின் செவாலியே என்னும் வீரப்பட்டமும் பெற்றார். தந்தை இழந்த பதவியைத் தாம் பெற்றுப் புதுவை திரும்பி, 1724இல் காலமானார். தந்தைக்கு நீதி கிடைத்தது. ஆனால் எதை ஏற்காததால் தந்தை வீழ்ந்தாரோ அதையே மகன் ஏற்க வேண்டியதாயிற்று. மனமுவந்து ஏற்றாரா, காரியம் கருதி ஏற்றாரா என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் நமக்குக் கிட்டவில்லை. பிரெஞ்சு ஆவணக் காப்பகங்களில் இருப்பவை வழக்கு மனுக்களும் தீர்ப்புகளுமே. அவற்றில் பாரிசின் தெருவும் இல்லை, ஆறும் இல்லை, அடுப்பும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. குருவப்பர் அந்நகரில் இருந்த அதே காலத்தில், 1721இல், மொந்தெசுகியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 'பாரசீகக் கடிதங்கள்' என்னும் நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார். பாரசீகர் இருவர் பாரிசுக்கு வந்து, கண்டவற்றை ஊருக்கு எழுதுவதாகக் கற்பனை. கீழ்த்திசையான் ஒருவன் தம்மை எப்படிப் பார்ப்பான் என்று அறியப் பிரெஞ்சு மக்கள் அதை விரும்பிப் படித்தனர். கற்பனைப் பாரசீகர் பக்கம் பக்கமாக எழுத, மெய்யான தமிழர் வாளா இருந்தார்!

இதற்கு நேர்மாறானவர் அவர் அத்தை மகன் முறையினரான ஆனந்தரங்கர். 1709இல் பிறந்தவர், கடல் கடந்து ஐரோப்பா சென்றவரல்லர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரை, கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த நாழிகை, அதிர்ந்த பீரங்கிக் குண்டுகளின் எண்ணிக்கை, யார் யாருக்கு என்ன வரிசை என எதையும் அவர் விட்டதில்லை. விருந்தைக் காணும் கண்ணும் அவர்க்கு உண்டு. 1745இல் கனகராய முதலியார் உழவர்கரையில் தேவாலயம் எழுப்பி, எல்லாச் சாதியார்க்கும் ஐரோப்பியர்க்கும் விருந்து வைத்தார். யார் யாருக்குத் தனிச் சமையல், யார் எங்கே உண்டனர், இரு சமய வழக்கமும் எப்படிக் கலந்து கிடந்தன என்பதைப் பிள்ளையவர்கள் வியப்பும் எள்ளலும் விரவக் குறித்துள்ளார். வில்லியனூரிலிருந்து உழவர்கரை எவ்வளவு தொலைவு? அவ்வளவு அருகில் நடந்த பந்தியையே அப்படி எழுதியவர், ஆட்சிக்காவலரின் அரண்மனைப் பந்தியைக் கண்டிருந்தால் என்னென்ன எழுதியிருப்பார்! நாட்குறிப்புத் தொடங்கியபோது குருவப்பர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பதின்மப் பருவத்தில் அவர் வாயிலாகக் கேட்டவற்றை ஆனந்தரங்கர் எந்த ஏட்டிலும் பதிய வாய்ப்பின்றிப் போயிற்று.

ஆனால் ஆனந்தரங்கரின் எழுத்து பாரிசுக்குப் போயிற்று. 1846இல் கலுவா மொம்பிரோன் நாட்குறிப்பைக் கண்டெடுத்த பின்னர், அரியேல் எடுப்பித்த படி பாரிசின் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. நம் பாகூரின் செப்பேடுகளும் அந்நூலகத்திற்கே சென்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களை விட்ட செய்தியைச் சொல்லும் அவ்வேடுகள், நம்மில் எவரையும் முந்திக்கொண்டு பாரிசு பார்த்துவிட்டன.

நாம் எழுதாவிடில் பிறர் நம்மை எழுதுவர். 1787 ஜூலையில் திப்பு சுல்தானின் தூதர் மூவர் புதுவைத் துறையிலிருந்தே கப்பலேறினர். மறு ஆண்டு ஜூனில் தூலோன் துறையை அடைந்து, ஆகஸ்டு 10ஆம் நாள் வெர்சாயில் பதினாறாம் லூயியைக் கண்டனர். அவர்கள் சென்ற இடமெல்லாம் கூட்டம் கூடியது. காணச் சென்றவர்களே காட்சிப் பொருளாயினர். மூவருள் ஒருவரான முகம்மது தர்வேஷ் கானை ஓவியமாகத் தீட்டிய விழே லெப்ரென் அம்மையார், தாமும் தோழியும் அவர்தம் விருந்துக்குச் சென்றதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தரையில் அமர வேண்டியிருந்ததும், காரமிட்ட ஆட்டுக்கால் குழம்பைத் தூதர்கள் கையாலேயே எடுத்துப் பரிமாறியதும் அம்மையார்க்கு அருவருப்பாயின. விருந்தோம்பிய கைகளின் நிறத்தையும் அவர் குறிக்கத் தவறவில்லை. கையால் எடுத்து வைப்பதில் உள்ள அன்பை ஒரு தமிழ்ப் பெண் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாள்.

முந்நீர்ச் செலவு மகளிரோடு இல்லை எனத் தொல்காப்பியம் விதித்ததை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். சென்னையிலிருந்து கணவரோடு லண்டன் சென்று, கண்டவற்றை எழுதி, 1876இல் ஆங்கில நூலாகவும் தந்த போத்தம் ஜானகம்மா ராகவய்யா தெலுங்கில்தான் எழுதினார். தெலுங்கர் பெற்ற பேறு என்று பெருமூச்செறிவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழில் இக்குறை பின்னர் ஓரளவு நீங்கியது. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' அனைவரும் அறிந்ததே. எனக்கு அதனினும் இனிப்பது டாக்டர் தி.சே.சௌ. ராஜன் தம் 'நினைவு அலைக'ளில் சொல்லும் லண்டன் விருந்து. 1909இல் இந்திய மாணவர்கள் தசரா விருந்துக்குக் காந்தியடிகளைத் தலைமை தாங்க அழைத்தனர். புலாலும் மதுவும் இல்லாத விருந்து எனில் வருவேன் என்றார் அவர். ராஜன் உள்ளிட்ட மாணவர்களே சமையல் செய்தனர். மெலிந்த மனிதர் ஒருவர் முன்னதாகவே வந்து, பாத்திரம் கழுவவும் காய்கறி நறுக்கவும் உதவிக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. மாலையில் வந்த வ.வே.சு. ஐயர் பார்த்துச் சொன்ன பிறகே, தலைவர்தான் அவர் என்பது தெரிந்தது. அந்த ஐயர் மறு ஆண்டே மாறுவேடத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பிப் புதுவைக்கு வந்து சேர்ந்தார். லண்டன் மாநகரத்தின் கோட்டை கொத்தளங்களைப் பற்றிய நூறு பக்க வருணனை சொல்லாததை, அந்த அடுக்களைக் காட்சி சொல்லிவிடுகிறது.

இவர்களெல்லாரும் பெயர் பெற்றவர்கள். வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கடல் கடந்தவர்கள் பலர். புதுவைக் கடற்கரையில் நிற்கும் போர் நினைவுச்சின்னம் முதல் உலகப்போரில் மாண்டவர்களுக்கு உரியது. உயிரோடு திரும்பியவர்களைச் 'சொல்தா' என்போம். அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் கடிதங்களும் படங்களும் இருந்தன. சில வீடுகளில் இன்றும் இருக்கலாம். வட்டத்து அன்பர்கள் அடுத்த கூட்டத்திற்கு வரும்போது தத்தம் ஊரில் ஒரு பெட்டியையேனும் திறந்து பார்த்துவிட்டு வரவேண்டும் என்று வேண்டுகிறேன்.

இவ்வேண்டுகோளுக்கு என் தவறே காரணம். பாகூர்ப் பக்கத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சங்க இலக்கியத்தில் கடற்செலவு பற்றிக் குறிப்பெடுக்க நான் நாள்தோறும் அவர் திண்ணையைக் கடந்துதான் பேருந்துக்குச் சென்றேன். ஆய்வு முடியட்டும், இவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவோம் என்று இருந்துவிட்டேன். ஆய்வேட்டை அளித்த ஆண்டிலேயே அவர் மறைந்தார். பெட்டியிலிருந்த தாள்கள் பழைய பேப்பர்காரரிடம் போயின.

அவர் சொன்னவற்றுள் ஒன்றுதான் எனக்கு முழுதாக நினைவிருக்கிறது. பாரிசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வெளியே போனாராம். சேன் ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து, நீள ரொட்டியைப் பிய்த்து, ஆத்தா கட்டிக்கொடுத்த மாங்காய் ஊறுகாயைத் தொட்டுத் தின்றாராம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி எட்டிப் பார்த்தாளாம். கொஞ்சம் கொடுத்தாராம். தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாளாம்.

"அப்புறம் என்ன ஆச்சு தாத்தா?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்னா பாப்பா, கப்பல் ஏத்திட்டாங்க" என்றார். எந்த ஆண்டு என்று கேட்பதற்குள் பேருந்து வந்துவிட்டது.