தைராய்டு ஹார்மோனும் மரச்சீனியும்

உடலின் செல்கள் எவ்வளவு வேகத்தில் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது தைராய்டு ஹார்மோன். முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டு இதைத் தயாரிக்கிறது. உடலால் அயோடினை உண்டாக்க முடியாது. உணவில் வந்தால்தான் உண்டு. அதனால் ஓர் ஊரின் சாப்பாட்டை விட்டுவிட்டு இந்த ஹார்மோனைப் பற்றிப் பேச இயலாது. கன்னியாகுமரி மாவட்டம் அதற்கு நல்ல சான்று.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். என்ற தூண்டியை அனுப்ப, பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சை வெளியிடுகிறது, அது தைராய்டைச் சுரக்க வைக்கிறது. சுரப்பில் பெரும்பங்கு நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட டி4. கல்லீரல் முதலிய உறுப்புகள் அதிலிருந்து ஓர் அணுவைக் கழற்றி டி3 ஆக மாற்றுகின்றன. செல்லின் உட்கருவில் நுழைந்து மரபணுக்களை இயக்குவது முக்கியமாக டி3தான். ரத்தத்தில் இவை கூடினால் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அடங்கிவிடும், குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும். பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். கூடுதலாக இருந்தால் தைராய்டு அதிகம் சுரக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் நிலைமை நேர்மாறு: சுரப்பு போதாததால்தான் தூண்டல் ஏறியிருக்கிறது. அயோடின் பற்றாக்குறையில் இந்தத் தூண்டல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சுரப்பி வீங்கி முன்கழுத்துக் கழலை உண்டாகிறது.

கன்னியாகுமரியும் சேர்ந்திருந்த அன்றைய திருவிதாங்கூரில் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சி: 1880–1885). 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழைகளின் பசியைத் தாங்கிய கிழங்கு இது. குமரி மாவட்டத்தில் நாஞ்சில் நாட்டின் வயல்களைவிட கல்குளம், விளவங்கோடு மேட்டு நிலங்களில்தான் இது செழித்தது. கிழங்கிலுள்ள லினமாரின் சிதைந்தால் சயனைடு பிறக்கும். உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றி நஞ்சை முறிக்கிறது. அந்தத் தயோசயனேட்டோ தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கிறது. அயோடின் அரிதாகவும் மரச்சீனியே முழு உணவாகவும் இருந்த காங்கோவின் உட்பகுதிகளில் கழலை பெருகியது இந்தக் கூட்டு விளைவால்தான்.

குமரி வீடுகளில் கிழங்கைத் தோல் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தேங்காய் அரைத்துச் சேர்த்து மயக்குகிறார்கள் (மசிக்கிறார்கள்). சயனைடில் பெரும்பகுதி இப்படியே போய்விடும். தொட்டுக்கொள்ளும் சாளை மீன்குழம்பு அயோடினைத் தருகிறது. வேதியியல் படிக்காத அடுக்களைகள் பழக்கத்தால் கண்டடைந்த இந்தச் சேர்க்கை வியப்புக்குரியது.

புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களுக்கு அருகில் வாழ்பவர்கள் கடலுப்பிலேயே அயோடின் இருக்கும் என்று நம்பினால் அது தவறு. உப்பாக விளையும்போது அதில் தங்கும் அயோடின் மிகச் சொற்பம்; தனியே சேர்த்தால்தான் பயன். 1956இல் இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கழலையைக் குறைப்பதை நிறுவியது. 1962இல் கழலையைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் வந்தது. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கத் தடை உள்ளது.

அயோடின் போதிய அளவு கிடைக்கும் ஊர்களில் தைராய்டுக் குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம் வேறு: உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். இதற்குக் கிழங்கைப் பழிக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் மட்டும் காலம் தாழ்த்தாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மாதங்களில் சிசுவின் மூளை தாயின் டி4ஐயே நம்பியிருக்கிறது. பிறவியிலேயே தைராய்டு இயங்காத குழந்தையைக் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தால் கண்டறியலாம்; முதல் இரு வாரங்களுக்குள் தைராக்சின் (டி4) கொடுக்கத் தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை.