தைலம் இறங்கும் பதம்

நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் இப்போது செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டுகிறார்கள். கரிசலாங்கண்ணி, பொடுதலை, மருதாணி, செம்பருத்தி, நெல்லி, வெந்தயம், கருஞ்சீரகம் என்று அது நீண்டுகொண்டே போகும். கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: எண்ணெயில் நன்றாகக் காய்ச்சி வடிகட்டவும். எதுவரை காய்ச்ச வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. கூந்தல் தைலத்தின் வரலாற்றை யாராவது கேட்டால் நான் சரக்குகளில் தொடங்க மாட்டேன். சரக்கு ஊருக்கு ஊர் மாறும், வீட்டுக்கு வீடும் மாறும். பதம் பார்க்கிற அறிவுதான் தலைமுறை தாண்டி வந்தது. இப்போது தொலைந்துகொண்டிருப்பதும் அதுதான்.

ஆயுர்வேத நூல்கள் தைலத்துக்குச் சொல்லும் பொது அளவு இது: அரைத்த கற்கம் 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறோ கஷாயமோ பாலோ 16 பங்கு. அதாவது ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நாலு லிட்டர் சாறு. அதில் பெரும்பகுதி தண்ணீர், அவ்வளவும் ஆவியாகிப் போக வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை உருளியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், மூலிகை பக்குவமாக வேகும். தண்ணீர் வற்றியதும் சூடு விறுவிறுவென்று ஏறிக் கற்கம் தீயத் தொடங்கிவிடும். முன்னால் இறக்கினால் ஈரம் மிஞ்சி, சில நாளில் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சை பூக்கும். பின்னால் இறக்கினால் கருகல். நடுவில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான்.

அந்த நேரத்தைப் பிடிக்க எங்கள் ஆச்சி செய்ததைப் பார்த்துத்தான் நான் கற்றேன். கொதியின் சத்தம் குறைந்து, மேலே நுரை கட்டத் தொடங்கும். உடனே அகப்பையால் அடியைத் துழாவிக் கொஞ்சம் வண்டலை எடுப்பாள். ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுவாள். சேறாகப் பிசுபிசுத்தால் இன்னும் ஆகவில்லை. திரியாகத் திரண்டு வந்தால் மெழுகு பதம். நறநறவென்று உதிர்ந்தால் மணல் பதம். தலைத்தைலத்தை எங்கள் வீட்டில் மெழுகு தாண்டி மணலுக்கு வருமுன் இறக்கிவிடுவார்கள். அத்தோடு விடமாட்டாள். பழந்துணியைத் திரித்து எண்ணெயில் நனைத்து விளக்கில் காட்டுவாள். சடசடவென்று பொரிந்தால், “ஏட்டி, இன்னும் தண்ணி கெடக்கு, தீய அணைச்சிராத” என்பாள். திரி சத்தமில்லாமல் எரிந்தால்தான் உருளி இறங்கும். வடிகட்டுவதும் சூட்டோடுதான், ஆறினால் கற்கத்தோடு பாதி எண்ணெய் நின்றுவிடும்.

ஆச்சி எந்த நூலையும் படித்தவள் இல்லை. ஆனால் பதம் உணர்த்தும் இந்த அடையாளங்கள் நூல்களிலும் இருக்கின்றன. எண்ணெயில் பதம் வந்தால் நுரை எழும், நெய்யில் நுரை அடங்கும் என்பதுவரை விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். கேரளத்தின் சகஸ்ரயோகத்தில் வரும் நீலிபிருங்காதியை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும். அவுரி, கரிசலாங்கண்ணி, உழிஞை, நெல்லிக்காய் சாறுகள் போக, பசு, ஆடு, எருமை மூன்றின் பாலும் தேங்காய்ப்பாலும் அதில் சேரும். பால் சேர்ந்தால் அடிப்பிடிக்கும், வண்டலும் கூடும். கிண்டுகிறவரின் கை ஓயக் கூடாது.

அக்காலத்தில் வைத்தியர் சீட்டு எழுதித் தருவார், காய்ச்சுவது நோயாளியின் வீட்டு வேலை. அதனால் பதம் வீட்டிலும் இருந்தது. 1902-இல் பி.எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கி, நூல்முறைப்படி செய்த மருந்தைத் தயார்நிலையில் விற்றார். நல்ல மருந்து எல்லோருக்கும் கிடைத்தது. அது பெரிய உதவி. அதோடு உருளி அடுக்களையை விட்டு வெளியேறத் தொடங்கியதும் உண்மை.

கல்கத்தாவில் புட்டிக் கூந்தல் எண்ணெய் அதற்கும் முந்தியே பேர் வாங்கிவிட்டது. ஹேமேந்திர மோகன் போஸ் ‘குந்தலின்’ என்ற எண்ணெயை விற்றார். விளம்பரத்துக்காகச் சிறுகதைப் போட்டி வைத்தார். எண்ணெயின் பெயர் கதைக்குள் இயல்பாக வர வேண்டும், விளம்பரம் என்று தெரியக் கூடாது. 1896-இல் பரிசு வாங்கியவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். இலங்கைக்குக் கப்பலில் போகும் ஒருவர், புயலில் கொந்தளிக்கும் கடலில் கூந்தல் எண்ணெயை வீச, அலை அடங்கிவிடும். எண்ணெய்ப் படலம் அலையைத் தணிக்கும் என்ற இயற்பியலை வைத்து எழுதிய கதை அது, வங்காள அறிவியல் புனைகதைகளில் மிக முந்தியவற்றில் ஒன்று. கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் காலந்தொட்டு வாங்குகிறவர் கண்ணில் படுவது மணமும் பேரும்தான், உருளி இல்லை.

சட்டம் தாமதமாக வந்தது. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் 1964-இல் செய்த திருத்தம்தான் ஆயுர்வேத, சித்த மருந்துத் தயாரிப்பை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. ஆய்வகத்தில் இன்று தைலத்துக்கு அமில எண் பார்க்கிறார்கள். ஒரு கிராம் எண்ணெயில் பிரிந்து கிடக்கும் கொழுப்பமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்ற கணக்கு அது. ஈரம் மிஞ்சிய எண்ணெய் நாளாக ஆக அந்த எண் ஏறும். ஆச்சியின் திரி அடுப்படியிலேயே சொன்னதை, கெட்டுப்போன பிறகு அமில எண் சொல்கிறது.

கடையில் வாங்கும் பச்சை நிற எண்ணெய்கள் பலவற்றில் அடிப்படையே திரவப் பாரஃபின். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பாரஃபின் உறையாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் நல்லெண்ணெயும் அந்தக் குளிருக்கு உறையாது. அதற்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூராலும் விட்டால் சிவக்கும். இதெல்லாம் எந்த எண்ணெய் என்று சொல்லும். மூலிகைச் சாறு அதில் முறையாக வற்றியதா என்று சொல்லாது. அதைச் சொல்லும் வண்டல் வடிகட்டும்போதே போய்விடுகிறது. எந்தப் பதத்தில் இறக்கியது, எந்தத் தேதியில் காய்ச்சியது என்ற இரண்டையும் லேபிளில் அச்சடிக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். மூலிகைப் பெயர்களை அச்சடிக்க இடம் இருக்கும்போது இதற்கும் இடம் இருக்கும்.