வைடூரியத்துக்குள் ஒரு தனிமம்: தென்திருவிதாங்கூரும் பெரிலியத்தின் வரலாறும்

திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து வடகிழக்கே சென்றால் நெடுமங்காடு வட்டம். அங்குள்ள கோண்டலைட் பாறைகளை ஊடுருவிய பெக்மடைட்டு எனும் பெரும்படிகப் பாறைகளில் கிரிசோபெரில் கிடைக்கிறது. பூனைக்கண் போல ஒளிக்கீற்று ஓடும் அதன் வகையைத்தான் நவரத்தினங்களுள் ஒன்றான வைடூரியமாக இன்று விற்கிறார்கள். இக்கல்லின் எடையில் ஏறத்தாழ 7 விழுக்காடு பெரிலியம். பெயரிலேயே இத்தனிமத்தைக் காட்டும் பெரிலில்கூட 5 விழுக்காடுதான் உண்டு.

பெரிலும் நமக்குப் புதிதல்ல. காங்கேயம் அருகே படியூரில் அது வெட்டியெடுக்கப்பட்டது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985இல் தொடங்கிய அகழாய்வுகள், பெரிலில் மணி செய்த தொழிலுக்குச் சான்று தந்தன. சிறந்த பெரில் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். இவ்வளவு நெடுங்காலம் கையில் புழங்கிய கல்லுக்குள் இருந்த தனிமம் 1798 வரை யார் கண்ணிலும் படவில்லை. அலுமினியத்தோடு அதற்குள்ள நெருங்கிய ஒற்றுமையே இதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

மரகதமும் பெரிலும் படிக அமைப்பில் ஒன்றே எனக் கண்ட பிரெஞ்சுக் கனிமவியலாளர் அயூய், இரண்டையும் பகுத்தாயும்படி வேதியியலாளர் வோக்லானிடம் கேட்டுக்கொண்டார். அதுவரை அலுமினா என்று கணக்கில் எழுதப்பட்டுவந்த பொருளில் ஒரு பகுதி படிகாரம் தரவில்லை. அம்மோனியம் கார்பனேட்டில் கரைந்தது. அதுவே புதிய தனிமத்தின் ஆக்சைடு. அதன் உப்புகள் இனித்தன. (அவை கடும் நச்சு; நாவால் சோதித்த அக்கால வழக்கம் இன்று நினைக்கவே அஞ்சத்தக்கது.) பெரிலிய உலோகத்தை 1828இல் வேதியியலாளர்கள் வோலரும் புஸ்ஸியும் தனித்தனியே பிரித்தெடுத்தனர்.

ஆனால் குழப்பம் தீரவில்லை. அலுமினியம் போல இதுவும் மும்மை இணைதிறன் கொண்டதாயின் அணுநிறை 13.5, மெக்னீசியம் போல இருமை எனில் 9. தனிம அட்டவணையில் 13.5க்கு இடமில்லை என்பதால் மெண்டலீவ் 9 என்றார். சுவீடன் வேதியியலாளர்கள் நில்சனும் பெட்டர்சனும் தன்வெப்பத்தை அளந்து அவரை மறுத்தார்கள். அவர்கள் வாதம் வலுவானது. திண்மத் தனிமங்களின் மோலார் வெப்ப ஏற்புத்திறன் டிகிரிக்கு 25 ஜூல் அளவை ஒட்டி இருக்கவேண்டும் என்பது டூலாங்-பெட்டி விதி. இன்றைய அளவான கிராமுக்கு 1.825 ஜூல் என்பதை 13.5ஆல் பெருக்கினால் 24.6 வருகிறது, விதிக்கு அச்சாகப் பொருந்துகிறது. 9ஆல் பெருக்கினால் 16.4தான். பிழையான அணுநிறைதான் விதிக்கு இணங்கியது! இலேசான அணுக்களும் மிக உறுதியான பிணைப்பும் கொண்ட படிகத்தில், அறை வெப்பநிலையில் எல்லா அதிர்வுகளும் கிளர்ச்சியுறுவதில்லை என்ற விளக்கம் குவாண்டம் கொள்கைக்குப் பிறகே கிடைத்தது. 1884இல் குளோரைடின் ஆவியடர்த்தியை அளந்து, தம் முந்தைய முடிவைத் தாமே திருத்திக்கொண்ட அவ்விருவரின் நேர்மை எனக்கு இவ்வரலாற்றிலேயே மிக உயர்ந்த பகுதி.

ஒற்றுமை எங்கிருந்து வந்தது? பெரிலிய அயனி மிகச் சிறியது. அதன் மின்சுமைச் செறிவு அலுமினிய அயனியுடையதை நெருங்குகிறது. இரண்டின் ஆக்சைடுகளும் அமிலத்திலும் காரத்திலும் கரையும். குளோரைடுகள் சகப்பிணைப்புத் தன்மை காட்டும். பெரிலியத்தின் தொகுதியையே சேர்ந்த மெக்னீசியமோ காரத்தை எதிர்க்கிறது. இயற்பியல் பண்புகளில் உறவு மாறுகிறது: அடர்த்தியில் பெரிலியம் 1.85, மெக்னீசியம் 1.74, அலுமினியம் 2.70. உருகுநிலையில் மற்ற இரண்டும் 660 டிகிரியை ஒட்டி நிற்க, பெரிலியம் 1287 டிகிரி. விறைப்பில் அது எஃகையும் விஞ்சும்.

நெடுமங்காட்டுப் பாறையிலும் பெரிலியம்-அலுமினிய உறவைக் காணலாம். சிலிக்கா போதிய அளவு இருந்தால் பெரில் உருவாகும். அலுமினியம் மிகுந்து சிலிக்கா குறைந்த சூழலில் பெரிலியமும் அலுமினியமும் ஆக்சிசனோடு சேர்ந்து கிரிசோபெரிலாகும். கோண்டலைட் அலுமினியச் செழிப்புள்ள பாறை. தென்கேரள பெக்மடைட்டுகளில் கிரிசோபெரில் தோன்றிய விதத்தை ஆய்வாளர்கள் சோமனும் நாயரும் 1985இல் தனி ஆய்வாகவே வெளியிட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பெரிலியத்தின் மதிப்பு அணுக்கருவுக்கு மாறியது. 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டது பெரிலியத்தை ஆல்ஃபா துகள்களால் தாக்கித்தான். நியூட்ரானை அரிதாகவே விழுங்கி, பெரும்பாலும் சிதறடிக்கும் இயல்பால் அது உலைகளுக்கு ஏற்றதாயிற்று. 1951இல் இந்தியாவும் பிரான்சும் செய்த அணு ஒப்பந்தமே பெரிலிய உலை ஆய்வைப் பற்றியது. அப்போது திருவிதாங்கூரின் புகழ் மணவாளக்குறிச்சி மணலில் 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க் கண்ட மோனசைட்டை, அதிலுள்ள தோரியத்தைச் சார்ந்திருந்தது. இரு கனிம வரலாறுகளும் கல்பாக்கம் அணு ஆய்வு மையத்தில் இணைந்தன. 1996 அக்டோபர் 29இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி உலையின் எரிபொருள், தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233. வெளியேறும் நியூட்ரான்களை உள்ளே திருப்பியனுப்ப அதைச் சூழ்ந்திருப்பது பெரிலியம் ஆக்சைடு.