கமலா ஆரஞ்சுக்குப் பூட்டிய எல்லை

ரஷ்யர்களுக்குக் கமலா ஆரஞ்சு இல்லாமல் புத்தாண்டு கிடையாது. டிசம்பர் பிறந்தால் கடைகளில் அது குவிந்துவிடும். அதில் ஒரு பங்கு, கருங்கடலின் கிழக்குக் கரையில் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவிலிருந்து போகிறது. போரில் பாதி இடிந்து, தொழில் எல்லாம் படுத்துவிட்ட அந்தச் சிறிய பகுதியில் பல குடும்பங்கள் அந்த ஒரு பருவத்து விற்பனையை நம்பித்தான் ஆண்டை ஓட்டின. 2004 டிசம்பரில், பழம் பறிக்கிற நேரம் பார்த்து, ப்சோ நதியில் இருக்கும் எல்லையை ரஷ்யா இறுக்கியது. பழம் உள்ளே வரக்கூடாது என்றது. சில மாதங்களுக்கு முன்புதான் தலைநகர் சுகுமிக்கு மறுபடி ஓடத் தொடங்கியிருந்த ரயிலும் நின்றது.

அப்காசியர்கள் செய்த குற்றம், தேர்தலில் தப்பான ஆளுக்கு ஓட்டுப் போட்டது.

அந்த அக்டோபரில் நடந்த அதிபர் தேர்தலில் மாஸ்கோவின் வேட்பாளர் ராவுல் ஹாஜிம்பா. அப்போதைய பிரதமர், பழைய கே.ஜி.பி. ஆள். புட்டினைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் படத்தை வைத்தே ஓட்டுக் கேட்டார். ஜெயித்தது செர்கேய் பகாப்ஷ், மின்சார நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தவர். வேடிக்கை என்னவென்றால் பகாப்ஷும் ரஷ்ய ஆதரவாளர்தான். ஜார்ஜியாவோடு திரும்பச் சேரவேண்டும் என்று அங்கே யாரும் தேர்தலில் நின்றதில்லை. ஆனாலும் மாஸ்கோ கைகாட்டிய ஆள் தோற்றுவிட்டார், அது பொறுக்கவில்லை. எல்லை மூடிய சில நாட்களில் சமரசம் வந்தது. பகாப்ஷ் அதிபர், ஹாஜிம்பா துணை அதிபர், இருவரும் ஒரே அணி, மறுதேர்தல். 2005 ஜனவரியில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கி அந்த அணி ஜெயித்தது. லாரிகள் மறுபடி ஓடின.

சென்ற இதழில் மால்டோவாவின் நீஸ்டர் கரையில் பார்த்த கதைதானே இது என்று தோன்றலாம். அங்கே ரஷ்யா படையை வைத்திருக்கிறது, தனி நாடாக இன்றுவரை ஏற்கவில்லை. அப்காசியாவை ஏற்றது. ஏற்ற பிறகு பிடி தளர்ந்ததா, இறுகியதா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1860-களிலும், 1877-78 ரஷ்ய-துருக்கிப் போரின்போதும், ஜார் ஆட்சியின் நெருக்குதலில் அப்காசியர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் துருக்கிக்குப் போனார்கள். ஊர் ஊராகக் காலியானது. காலியான நிலத்தில் வேறு ஆட்கள் வந்து குடியேறினார்கள். இன்று ரஷ்யாவைக் காவலன் என்று சொல்லும் இந்த மக்களைச் சொந்த மண்ணில் சிறுபான்மையாக்கியதில் முதல் பங்கு ரஷ்யாவுடையது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம், கடைசியில் அது வேறு உருவத்தில் வரும்.

மிச்சத்தை ஸ்டாலின் காலம் செய்தது. 1931-இல் அப்காசியா ஜார்ஜியாவுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியாகச் சுருக்கப்பட்டது. பிறகு ஜார்ஜியக் குடியேற்றம் வந்தது, அப்காசியப் பள்ளிகள் மூடப்பட்டன. 1989 கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 5,25,000 பேரில் அப்காசியர்கள் 18 சதவீதத்துக்கும் குறைவு. ஜார்ஜியர்கள் 46 சதவீதத்தை நெருங்கியிருந்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்ததும் வெடிக்கவேண்டியது வெடித்தது. 1992 ஆகஸ்ட் 14 அன்று ஜார்ஜியப் படை சுகுமிக்குள் நுழைந்தது.

அந்தப் போரில் ரஷ்யா நடுநிலை என்றுதான் சொல்லிக்கொண்டது. சோவியத் கிடங்கிலிருந்து ஜார்ஜியாவுக்கும் ஆயுதம் போனது. அதே சமயம் 1993 மார்ச்சில் ஜார்ஜியர்கள் சுட்டு வீழ்த்திய சுகோய்-27 போர் விமானத்தில் இருந்தவர் ரஷ்ய விமானப்படை அதிகாரி. வடக்குக் காகசஸிலிருந்து அப்காசியர்களுக்காகப் போரிட வந்த தொண்டர்களில் ஷமில் பஸாயெவும் ஒருவர். இரண்டே ஆண்டில் ரஷ்யா தலைக்கு விலை வைத்துத் தேடப்போகிற அதே செச்செனியர்.

ஜூலையில் மாஸ்கோ முன்னின்று ஒரு போர்நிறுத்தம் செய்துவைத்தது. அதை நம்பி ஜார்ஜியா கனரக ஆயுதங்களைச் சுகுமியிலிருந்து எடுத்தது. செப்டம்பர் நடுவில் அப்காசியர்கள் தாக்கினார்கள், 27-ஆம் தேதி நகரம் விழுந்தது. ஜார்ஜியத் தலைவர் ஷெவர்ட்னாட்ஸே கடைசி நேரம்வரை உள்ளேயே இருந்து உயிரோடு தப்பினார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்கள் வீடுவாசலை விட்டு ஓடினார்கள், பெரும்பாலோர் இன்னும் திரும்பவில்லை. அப்காசியாவின் விடுதலைக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டக்கூடாத வரி.

தோற்ற ஷெவர்ட்னாட்ஸே போய் நின்ற இடமும் மாஸ்கோதான். உள்நாட்டுக் கலகத்தை அடக்க உதவி வேண்டியிருந்தது. சுதந்திர நாடுகளின் காமன்வெல்த் அமைப்பில் சேர்ந்தார், ரஷ்யத் தளங்களுக்குச் சம்மதித்தார். பதிலுக்கு 1994-இல் அப்காசியாவுக்கு அமைதிப்படை வந்தது. பெயர் பல நாடுகளுடையது, சிப்பாய்கள் எல்லாம் ரஷ்யர்கள். 1996-இல் அதே அமைப்பின் பெயரால் அப்காசியா மீது பொருளாதாரத் தடையும் வந்தது. ஜெயித்தவனுக்குத் தடை, தோற்றவனுக்குத் தளம்: இருவரையும் கையில் வைத்துக்கொள்ள இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது.

துப்பாக்கியைவிட ஆழமாக வேலை செய்தது ஒரு சிறு புத்தகம். அப்காசியர்கள் கையில் இருந்தது செத்துப்போன நாட்டின் பாஸ்போர்ட். அதை வைத்துக்கொண்டு எங்கும் போகமுடியாது, அப்காசியப் பாஸ்போர்ட்டை எவரும் மதிப்பதில்லை. ரஷ்யாவின் புதிய குடியுரிமைச் சட்டம் 2002 ஜூலையில் அமலுக்கு வருவதற்குமுன், முன்னாள் சோவியத் குடிமக்களுக்கு இருந்த பழைய சலுகை தீர்வதற்குள், சோவியத் பாஸ்போர்ட்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேகரித்து ரஷ்யக் குடியுரிமை பதித்துத் தந்தார்கள். பாஸ்போர்ட் வந்தது, பின்னாலேயே ரஷ்யப் பென்ஷனும் வந்தது. ஒரு பாட்டிக்கு மாதாமாதம் பென்ஷன் தருகிற நாடு எது என்று தெரிந்தால் அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்கவேண்டியதில்லை. சில ஆண்டுகளில் அப்காசியாவிலும், அதேபோல ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நின்ற தெற்கு ஒசேத்தியாவிலும் பெரும்பாலோர் காகிதத்தில் ரஷ்யக் குடிமக்கள்.

2008-இல் அந்தக் காகிதம் பீரங்கியானது. பிப்ரவரியில் கொசோவோ தனி நாடாகத் தன்னை அறிவித்தது. ஏப்ரலில் நேட்டோவின் புகாரெஸ்ட் மாநாடு, ஜார்ஜியா ஒருநாள் உறுப்பினராகும் என்றது. அதே மாதம் அப்காசியா, தெற்கு ஒசேத்தியா இரண்டோடும் நேரடித் தொடர்பு வைக்கும்படி புட்டின் உத்தரவிட்டார். மே மாதக் கடைசியில் ரஷ்ய ராணுவத்தின் ரயில்வே பிரிவு வந்து அப்காசியாவின் ஒச்சம்சீரா வரைக்கும் தண்டவாளத்தைச் சரிசெய்தது. அழைக்காமல் வந்த பழுதுபார்ப்பு என்று ஜார்ஜியா கத்தியது. ஜூலைக் கடைசியில் வேலை முடிந்தது. ஆகஸ்ட் 7 இரவு தெற்கு ஒசேத்தியாவின் ஸ்கின்வாலி நகரத்தின் மீது ஜார்ஜியா குண்டு பொழிந்தது. மறுநாள், எங்கள் குடிமக்களைக் காப்பது என் கடமை என்று அப்போதைய ரஷ்ய அதிபர் மெத்வேதெவ் டிவியில் சொன்னார். ஐந்து நாள் போரில் சுமார் 850 பேர் இறந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த டாக்லியாவினி குழு மறு ஆண்டு தந்த அறிக்கை இரு தரப்புக்கும் இனிக்கவில்லை. முதலில் சுட்டது ஜார்ஜியா, ரஷ்யா திருப்பி அடித்தது அளவு மீறியது, பாஸ்போர்ட் விநியோகம் சர்வதேசச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று அது சொன்னது.

ஆகஸ்ட் 26 அன்று மெத்வேதெவ் அப்காசியா, தெற்கு ஒசேத்தியா இரண்டையும் தனி நாடுகளாக ஏற்றார். சுகுமியில் இரவெல்லாம் கொண்டாட்டம். பின்னாலேயே உலகம் வரிசையில் வரும் என்று நினைத்தவர்கள் உண்டு. நிகராகுவா வந்தது, அடுத்த ஆண்டு வெனிசுவேலாவும் நவுரு தீவும் வந்தன. நவுரு ஐந்து கோடி டாலர் உதவி கேட்டதாக மாஸ்கோவின் கொம்மர்சான்ட் நாளிதழ் எழுதியது. வனுவாட்டுவும் துவாலுவும் ஏற்றன, சில ஆண்டுகளில் விலகிக்கொண்டன. 2018-இல் ஆசாத்தின் சிரியா வந்தது. அவ்வளவுதான்.

ஆக, மாஸ்கோ திறந்த ஒரு கதவைத் தவிர மற்றவை முன்னைவிட இறுக்கமாகச் சாத்திக்கொண்டன. 1993 முதல் அங்கிருந்த ஐ.நா. கண்காணிப்புக் குழுவை 2009 ஜூனில் ரஷ்யா வீட்டோ போட்டு அனுப்பிவிட்டது. இருந்த ஒரே வெளிக் கண் அதுதான். 1999-இல் இஸ்தான்புல்லில் மூடிவிடுவதாக ரஷ்யா எழுதிக்கொடுத்த, அப்காசியாவிலுள்ள குதாவுதா ராணுவத் தளம், 2010 ஒப்பந்தப்படி 49 ஆண்டுகளுக்கு ரஷ்யாவுடையது. 2014 நவம்பரில் இன்னொரு ஒப்பந்தம். வரைவில் 'ஒருங்கிணைப்பு' என்று இருந்ததை அப்காசியர்கள் அடித்துவிட்டு 'வியூகக் கூட்டு' என்று போட வைத்தார்கள். நான்கு மாதம் கழித்துத் தெற்கு ஒசேத்தியா அதே 'ஒருங்கிணைப்பை' மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

அந்தப் பிடிவாதத்தின் வேர் நிலத்தில் இருக்கிறது, ஒருமுறை சொந்த மண்ணில் சிறுபான்மையானவர்களின் பயம் அது. அப்காசியாவில் வெளிநாட்டவர் வீடு வாங்கமுடியாது. ரஷ்யருக்கும் அதே சட்டம். ரஷ்யப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் அப்காசியரே, ரஷ்யருக்கு வீடு விற்காதே என்று தெருவில் இறங்குகிறார். பிட்ஸுண்டாவின் அரசு மாளிகையை (1964-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது பதவி பறிக்க அழைப்பு வந்த இடம்) ரஷ்யாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தைத் தாண்ட 2023 டிசம்பர் வரை இழுத்தது. 2024-இல் மாஸ்கோ இன்னொன்றை நீட்டியது, ரஷ்ய முதலீட்டாளர்களுக்கு வரிச்சலுகை தரும் ஒப்பந்தம். அதற்கு முன்பே, செப்டம்பரிலிருந்து, சம்பளம் போடத் தந்துவந்த உதவிப் பணத்தை ரஷ்யா நிறுத்தியிருந்தது.

நவம்பர் 15 அன்று கூட்டம் லாரியைக் கட்டி இழுத்து நாடாளுமன்ற வேலியைப் பிடுங்கி உள்ளே புகுந்தது. நாங்கள் ரஷ்யாவுக்கு எதிரி இல்லை என்று ஒவ்வொரு பேச்சிலும் சொல்லிக்கொண்டேதான் இதைச் செய்தார்கள். நான்கு நாளில் அதிபர் அஸ்லான் ப்ஜானியா ராஜினாமா செய்தார், டிசம்பரில் நாடாளுமன்றம் ஒப்பந்தத்தைத் தள்ளியது. உடனே குளிர்காலம் வந்தது. அப்காசியாவின் மின்சாரம் எங்குரி நீர்மின் நிலையத்திலிருந்து வருவது. அணை ஜார்ஜியா பக்கம், மின்நிலையம் அப்காசியா பக்கம். இத்தனை போருக்கும் பிறகு இரு தரப்பும் பேசாமல் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரே சொத்து. அந்த டிசம்பரில் தண்ணீர் வற்றி, நாளின் பெரும்பகுதி மின்வெட்டு, பள்ளிகளை மூடினார்கள். மாதக் கடைசியில் ரஷ்யா மனிதாபிமான உதவி என்று சொல்லி மின்சாரம் அனுப்பியது. 2025 மார்ச் 1 அன்று இரண்டாம் சுற்றில் மாஸ்கோ ஆதரித்த பத்ரா குன்பா வென்றார். மே 1 முதல் மாஸ்கோவிலிருந்து சுகுமிக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. வீட்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது.

அடுத்த வாரம் மலை ஏறுகிறோம். தெற்கு ஒசேத்தியாவை ரஷ்யாவோடு கட்டிவைத்திருப்பது ஒரே ஒரு ரோக்கி சுரங்கப்பாதை. 2022-இல் ரஷ்யாவோடு சேர வாக்கெடுப்புக்குத் தேதி குறித்துவிட்டு, மூன்று வாரத்துக்குள் அவர்களே ஏன் அதை நிறுத்திவைத்தார்கள் என்பதை அங்கே பார்ப்போம்.

(தொடரும்)