மரத்தூள் பெற்ற மதிப்பு

செயலூட்டிய கரியின் வரலாற்றில் மரத்தூளுக்குக் கிடைத்த இடம், அது மலிவான கழிவு என்பதால் மட்டும் வாய்த்ததன்று. கரிமூட்டம் போடுவோருக்குக் கட்டையே வேண்டும். அறுவை ஆலைகளில் மலையாகக் குவியும் தூளைக் கரித்தால் பொடிதான் மிஞ்சும். மூட்டத்துக்கு ஆகாத அந்த நுண்மையே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தூளுக்கு உயர்வைத் தேடித்தந்தது.

கரி நிறத்தை நீக்கும் என்பதை 1785இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லோவிட்ஸ் என்னும் வேதியியலறிஞர் கண்டறிந்தார். கரைசலிலுள்ள நிறப்பொருள் கரியின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும் இந்நிகழ்வே பரப்புக் கவர்ச்சி எனப்படுகிறது. சாதாரண அடுப்புக் கரியில் அத்துளைகளைத் தார் அடைத்திருக்கும்; அவற்றைத் திறந்து பெருக்குவதே செயலூட்டல். நன்கு செயலூட்டிய ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலத்தின் அளவு.

இவ்வாறு செயலூட்டுவதற்கு ஒஸ்திரேய்கோ என்னும் வேதியியலறிஞர் 1900, 1901ஆம் ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற வழிகள் இரண்டு: எரித்த கரியின்மேல் கடும் வெப்பத்தில் நீராவியையோ கார்பன் டைஆக்சைடையோ செலுத்துவது ஒன்று, கரியாக்கும் முன்பே மூலப்பொருளில் உலோகக் குளோரைடைக் கலப்பது மற்றொன்று. இந்த இரண்டாம் வழிதான் மரத்தூளுக்கு இயல்பாகப் பொருந்தியது. ஏனெனில் கட்டைக்குள் எளிதில் இறங்காத கரைசல், தூளின் ஒவ்வொரு துகளிலும் ஊறிவிடும். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலிருந்த, இன்று செக் நாட்டில் உஸ்தி நாட் லாபெம் என வழங்கும் அவுசிக் நகரின் ஆலையில் 1914இல் இம்முறை தொழில் அளவில் நடைமுறைக்கு வந்தது. அடர்ந்த துத்தநாகக் குளோரைடுக் கரைசலில் பிசைந்த மரத்தூள் சூடேறும்போது கறுத்துக் குழைந்து களியாகும். அவ்வுப்பு மரத்திலுள்ள ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நீராகப் பிரித்தெடுப்பதால், தார் குறைந்து கரி மிகும். 600 முதல் 700 பாகை செல்சியசில் சுட்டு, அமிலத்தாலும் நீராலும் கழுவி உப்பை மீட்டபின், அது இருந்த இடங்களெல்லாம் துளைகளாக எஞ்சின. இவ்வாறு கிடைத்த பொடியைச் சர்க்கரைப் பாகில் கலக்கி வடித்தால் பழுப்பு நிறம் நீங்கியது. முன்பு இவ்வேலைக்கு எலும்புக்கரியே பெரிதும் பயன்பட்டு வந்தது.

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22இல் ஈப்பர் போர்முனையில் குளோரின் வாயு ஏவப்பட்டபின், நச்சுவாயு முகமூடிகளுக்கும் கரி தேவைப்பட்டது. அங்கே பொடி மூச்சை அடைக்கும். உறுதியான குறுணை வேண்டும். ஆகவே அமெரிக்கர் கொட்டாங்குச்சியையும் பீச் பழக்கொட்டையையும் நாடினர். கொட்டாங்குச்சிக் கரித் தொழில் இன்று தமிழகத்திலும் இலங்கையிலும் நிலைபெற்றுள்ளது.

துத்தநாகம் கழிவுநீரை மாசுபடுத்தியதால், பிற்காலத்தில் பாஸ்பாரிக் அமிலம் அதன் இடத்தைப் பெருமளவு பிடித்தது. வெப்பமும் 500 பாகையை ஒட்டிக் குறைந்தது. ஆனால் முதலில் ஊறவைத்துப் பின்னர் சுடும் வரிசை மாறவில்லை. நீர்மங்களைத் தெளிவிக்கும் பொடிக்கரிக்கு மரத்தூள் இன்றும் முதன்மையான மூலப்பொருளாக நீடிப்பது, ஊறும் தன்மையுள்ள அந்த நுண்மையால்தான்.